ஓடும் உடம்பும் ஓடும் கம்ப்யூட்டரும்: சூடு தணிவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் கோடையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிசம்பரில் நன்றாக ஓடிய சிஸ்டம், மே மாதம் மதிய நேரத்தில் மட்டும் மெதுவாகிவிடுகிறது. உள்ளே விசிறி பெரிதாகச் சத்தம் போடுகிறது. நேற்று ஒரு வீடியோ பைலை மாற்றிக் கொண்டிருந்தபோது தானாகவே அணைந்துவிட்டது. வைரஸாக இருக்குமோ?"

இதைக் கேட்டவுடன், "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணமும் கொடுத்து, சேர்த்து வைத்த போட்டோக்களில் பாதியையும் இழந்து, அடுத்த வாரம் அதே மதியத்தில் அதே நிலைக்கு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். வைரஸ் காரணமாக இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் சரியாக இருந்து, மதியத்தில் தடுமாறி, இரவில் மறுபடி சரியாகும் கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான்.

கம்ப்யூட்டர் சூட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எளிதான வழி ஒன்று இருக்கிறது. வேகமாக ஓடும் ஒரு மனிதனின் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அது. இரண்டும் பல இடங்களில் ஒரே வழியில் போகின்றன. ஒரே ஓர் இடத்தில் முற்றிலும் பிரிகின்றன. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் மேஜையில் உள்ள பெட்டிக்கு எது உதவும், எது உதவாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

உழைப்பும் சூடும்

நீங்கள் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் ஐநூறு பேர் கூடினால் ஏன் புழுங்குகிறது என்பது இப்போது புரியும்.

அதே உடம்பு ஓடத் தொடங்கினால் கணக்கு மாறிவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உடலில் செலவாகும் சக்தி ஏறத்தாழ 700 வாட். இஸ்திரிப் பெட்டியின் அளவு. நம் தசைகள் அப்படியொன்றும் சிக்கனமான எஞ்சின்கள் அல்ல. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கைத்தான், சில நேரம் அதற்கும் குறைவாகத்தான், அசைவாக மாற்றுகின்றன. மீதி முழுவதும் சூடு. சமதரையில் ஓடும்போது அந்த அசைவின் பெரும்பகுதியும் கடைசியில் உடம்புக்குள்ளேயே சூடாக முடிகிறது.

இந்தச் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் என்னவாகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். 60 கிலோ உடம்பை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 210 கிலோஜூல் வேண்டும். நிமிடத்திற்கு 40 கிலோஜூல் அளவில் சூடு சேர்ந்தால் ஐந்து ஆறு நிமிடங்களில் 1 டிகிரி ஏறிவிடும். 37 டிகிரியில் கிளம்பியவர் அரை மணி நேரத்தில் 42 டிகிரியைத் தொட்டுவிடுவார். அது உயிருக்கு ஆபத்தான அளவு. ஆனால் தினமும் காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடுபவர்கள் நலமாகத்தான் வீடு திரும்புகிறார்கள். உண்டான சூட்டை உடம்பு கூடவே வெளியே தள்ளிக் கொண்டிருப்பதுதான் காரணம்.

கம்ப்யூட்டரின் நிலை இதைவிட மோசம். தசையாவது கொஞ்சம் அசைவைத் தருகிறது. ப்ராசசர் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. கணக்கு மட்டும் போடுகிறது. எனவே 65 வாட் மின்சாரம் உள்ளே போனால் 65 வாட்டும் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். சிஸ்டத்திற்குச் செலவாகும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் உங்கள் அறையைச் சூடாக்குகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

65 வாட் என்பது 700 வாட்டை விடக் குறைவுதானே என்று நினைக்கலாம். இடத்தைப் பாருங்கள். மனிதனுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் தோல் இருக்கிறது. அந்தச் சூடு அவ்வளவு பரப்பிலும் பரவி வெளியேறுகிறது. ப்ராசசர் என்ற உலோக மூடிக்குள் உண்மையில் வேலை செய்யும் சிலிக்கான் சில்லு, கட்டைவிரல் நகம் அளவுதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு சூடு என்று பார்த்தால், ஓடும் மனிதனின் தோலை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வரும். மேலே பொருத்திய ஹீட் சிங்க் இல்லாமல் ஒரு ப்ராசசரை முழு வேகத்தில் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே ஆபத்தான அளவைத் தொட்டுவிடும்.

தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். தன் வழியாகப் போகும் ரத்தம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது பார்த்துக் கொண்டே இருக்கிறது. தோலில் உள்ள நரம்பு முனைகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. உள்சூடு 37 டிகிரியைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஏறினால் குறைக்க உத்தரவு போகும். இறங்கினால் நடுக்கம் வரும்.

(காய்ச்சலில் நடப்பது வேறு. அப்போது ஹைப்போதாலமஸே தன் கணக்கை 39 என்று மாற்றி வைத்துக் கொள்கிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் குளிர்கிறது, போர்வை கேட்கிறோம். ஓடும்போது கணக்கு மாறுவதில்லை. சூடுதான் முந்திக்கொண்டு ஏறுகிறது.)

ப்ராசசரிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இன்றைய ப்ராசசர்களில் சிலிக்கானுக்கு உள்ளேயே பல வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கோரின் வெப்பநிலையும் தனித்தனியே அளக்கப்படுகிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் மதர்போர்டு விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. நீங்கள் பெரிய கேம் ஒன்றைத் திறந்தவுடன் விசிறி சத்தம் கூடுகிறதே, அது பழுதின் சத்தம் அல்ல. படியேறியவுடன் உங்களுக்கு மூச்சு வாங்குவதைப் போன்றது அது. சத்தமே கேட்காமல் சிஸ்டம் சூடானால்தான் கவலைப்பட வேண்டும்.

உள்ளே இருந்து வெளியே

சூடு உண்டாகும் இடம் தசை. வெளியேற வேண்டிய இடம் தோல். இரண்டையும் இணைப்பது ரத்தம். ஹைப்போதாலமஸின் உத்தரவு வந்ததும் தோலுக்குக் கீழே உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சாதாரண நேரத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குப் போகும் ரத்தம், கடுமையான சூட்டில் பல லிட்டர்களாக உயரும். ஓடியவர்களின் முகம் சிவப்பது இதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடும் தசைக்கும் ரத்தம் வேண்டும், அதற்கு ஆக்சிஜன் தேவை. சூட்டைக் கழிக்கத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். இதயம் ஒன்றுதான். எனவே அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினாலும் வெயில் நாளில் இதயத்துடிப்பு அதிகமாக இருக்கும். தண்ணீர் குடிக்காமல் ஓடினால் ரத்தத்தின் அளவே குறைந்து நெருக்கடி இன்னும் கூடும்.

கம்ப்யூட்டரில் ரத்தத்தின் வேலையைச் செய்வது உலோகம். ப்ராசசரின் மேல் ஒரு தடித்த அலுமினியம் அல்லது செம்புக் கட்டி, அதிலிருந்து மெல்லிய தகடுகள், அதன் மேல் ஒரு விசிறி. இதுதான் ஹீட் சிங்க். தகடுகள் எதற்கு? பரப்பை அதிகமாக்கத்தான். நகம் அளவு இடத்தில் உண்டான சூட்டைத் தகடுகள் முழுவதும் பரப்பிவிட்டால் காற்று எளிதாக எடுத்துக் கொண்டு போகும். ப்ராசசருக்கும் இந்தக் கட்டிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். அவற்றை அடைக்கப் பூசுவதுதான் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை. சாம்பல் நிறத்தில் பற்பசை போல இருக்கும். மெல்லிய பூச்சுதான், ஆனால் அது காய்ந்து வெடித்துவிட்டால் எவ்வளவு பெரிய விசிறி போட்டும் பயனில்லை.

லேப்டாப்பில் ப்ராசசருக்கு மேலே பெரிய கட்டி வைக்க இடம் கிடையாது. அங்கே ஓர் அழகான உத்தி பயன்படுகிறது. தட்டையான செம்புக் குழாய் ஒன்று ப்ராசசர் மேலிருந்து ஓரத்தில் உள்ள விசிறி வரை போகும். பார்த்தால் வெறும் செம்புக் கம்பி என்று நினைப்பீர்கள். உள்ளே காற்று எடுக்கப்பட்டு, சில துளி தண்ணீர் அடைக்கப்பட்டிருக்கும். ப்ராசசர் பக்கத்தில் தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பூச்சு அந்தத் தண்ணீரைத் திரும்பச் சூடான முனைக்கே உறிஞ்சிக் கொண்டு வரும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, சத்தம் இல்லை. இதன் பெயர் ஹீட் பைப். 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கிக் காட்டினார். அப்போது விண்வெளிக் கலங்களுக்கான உத்தியாக வளர்ந்தது. இன்று உங்கள் மடியில் இருக்கிறது.

வியர்வை என்னும் வித்தியாசம்

இதுவரை இரண்டும் சேர்ந்தே வந்தன. இனிப் பிரியப் போகின்றன.

தோலின் வெப்பநிலை சுமார் 33 முதல் 35 டிகிரி. வெளியே 25 டிகிரி என்றால் சூடு தானாகவே தோலிலிருந்து காற்றுக்குப் போகும். வெளியே 40 டிகிரி என்றால்? காற்றிலிருந்து சூடு உடம்புக்குள் வரும்! அந்த நிலையில் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி மட்டும் பயனில்லை. அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக் கொண்டு போகிறது. நாம் மேலே பார்த்த ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் உண்டாகும் சூடு சுமார் 2500 கிலோஜூல். அதாவது ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஒரு மணி நேர ஓட்டத்தின் சூட்டை ஏறக்குறைய முழுவதும் கழித்துவிடலாம். நன்றாகப் பழகியவர்கள் மணிக்கு இரண்டு லிட்டர் வரை கூட வியர்ப்பார்கள். இப்படி ஆவியாக்கிக் குளிரும் வசதியால்தான் உடம்பு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ச்சியாக இருக்க முடிகிறது. 42 டிகிரி வெயிலில் நிற்கும் மனிதனின் உள்சூடு 37ல் நிற்பது சாதாரண விஷயம் அல்ல.

"ஆவியானால்" என்ற சொல் முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை ஒன்றுக்கும் உதவாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும். வேலூரின் வெயிலை விடச் சென்னையின் 36 டிகிரி புழுக்கம் சில நாட்களில் அதிகம் வாட்டுவது இதனால்தான். 2019ல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, பெண்கள் மாரத்தான் ஓட்டத்தை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெயிலே இல்லை. ஆனாலும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரம் மிக அதிகம். கிளம்பிய 68 பேரில் 28 பேரால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களின் கதி இது. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டங்களை வெப்பத்திற்குப் பயந்து வடக்கே உள்ள சப்போரோ நகரத்திற்கு மாற்றியதும் நினைவிருக்கலாம்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு வியர்க்காது. லேப்டாப்பின் ஹீட் பைப்பில் தண்ணீர் ஆவியாகிறது என்றாலும் அந்த ஆவி வெளியே போவதில்லை, குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. அது சூட்டை இடம் மாற்றுகிறதே தவிர, கழிப்பதில்லை. கடைசியில் கழிப்பது விசிறிக் காற்றுதான். அதனால் ஒரு முடிவு வருகிறது: விசிறி வைத்த கம்ப்யூட்டரின் எந்தப் பாகமும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்க முடியாது. அறை எவ்வளவு ஏறுகிறதோ, ப்ராசசரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். டிசம்பர் இரவில் 24 டிகிரி அறையில் 75 டிகிரியில் வேலை செய்த ப்ராசசர், மே மாதம் 39 டிகிரி அறையில் அதே வேலைக்கு 90 டிகிரியை நெருங்கும். விண்டோஸும் மாறவில்லை, வைரஸும் வரவில்லை. அறைதான் மாறியிருக்கிறது.

பலருக்கும் வரும் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டேபிள் பேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தால் காற்று "ஜில்" என்று படும் என்று நினைக்கிறார்கள். பேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. ஒரு தெர்மாமீட்டரைப் பேன் முன்னால் வைத்துப் பாருங்கள், எண் இறங்காது. நமக்கு ஜில்லென்று இருப்பது நம் வியர்வை வேகமாக ஆவியாவதால். கம்ப்யூட்டருக்கு அந்த ஜில் கிடைக்காது. ஆனால் வேறொரு பலன் உண்டு. கேபினட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் சூடான காற்றை டேபிள் பேன் விலக்கிவிடும். 40 டிகிரி காற்று நமக்குச் சூடு. 80 டிகிரியில் இருக்கும் ஹீட் சிங்குக்கு அது குளிர்ந்த காற்றுதான்! இந்த ஒரு விஷயத்தில் கம்ப்யூட்டர் நம்மை விட அதிர்ஷ்டசாலி.

வியர்வைக்குப் பதிலாக நாமே ஈரம் தரலாமே என்று லேப்டாப்பின் அடியில் ஈரத்துணியோ ஐஸ் பையோ வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஐஸ் டம்ளரின் வெளியே நீர் கோத்துக் கொள்வது போல உள்ளே மதர்போர்டில் நீர் கோத்துக் கொண்டால், சூட்டால் வரும் நஷ்டத்தை விடப் பெரிய நஷ்டம் வரும்.

வேகத்தைக் குறைப்பதும் பாதுகாப்புதான்

வியர்வையும் போதவில்லை என்றால் உடம்பு என்ன செய்யும்? வேகத்தைக் குறைக்கும். வெயிலில் ஓடுபவருக்குக் கால் கனக்கிறது, "போதும்" என்று தோன்றுகிறது. உள்சூடு 40 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலானவர்கள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். சோம்பல் என்று நாம் நினைக்கும் இதில் மூளையின் பாதுகாப்பு ஏற்பாடும் கலந்திருக்கிறது. வேலையைக் குறைத்தால் சூடும் குறையும் என்பது எளிய கணக்கு.

ப்ராசசரும் இதையே செய்கிறது. இதை உலகத்திற்குக் காட்டியது 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் வெளியிட்ட ஒரு வீடியோ. ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் ப்ராசசர் மேலிருந்த ஹீட் சிங்கை அப்படியே கழற்றி எடுத்தார்கள். அன்றைய ஏ.எம்.டி. அத்லான் ப்ராசசர் சில விநாடிகளில் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 என்ன செய்தது தெரியுமா? திரையில் ஓடிய கேம் நிற்கவில்லை. படம் மட்டும் நொண்டி நொண்டி நகர்ந்தது. ஹீட் சிங்கை மறுபடி வைத்ததும் பழைய வேகம் திரும்பியது. சூட்டை உணர்ந்து வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும் வசதி அதில் இருந்ததுதான் காரணம். இன்று இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் ப்ராசசர்களிலும் இது உண்டு. ஆங்கிலத்தில் த்ராட்லிங் என்பார்கள். பல ப்ராசசர்களுக்கு 95 அல்லது 100 டிகிரி எல்லைக்கோடு. அதைத் தொட்டால் வேகம் இறங்கும்.

ஆக, மே மாதத்தில் உங்கள் சிஸ்டம் மெதுவாவது பெரும்பாலும் நோய் அல்ல. நோய் வராமல் காத்துக் கொள்ளும் வழி.

இன்னொன்றையும் புதியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. லேப்டாப் விளம்பரத்தில் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது நூறு மீட்டர் ஓட்டக்காரனின் வேகம். சூடு ஏறாத முதல் சில விநாடிகளுக்கோ நிமிடங்களுக்கோதான் அது கிடைக்கும். பிறகு மாரத்தான் வேகத்திற்கு இறங்கிவிடும். ஒரே ப்ராசசர் பொருத்திய இரண்டு லேப்டாப்களில் ஒன்று வேகமாகவும் மற்றது மந்தமாகவும் இருக்கக் காரணம் பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான். மெல்லிய லேப்டாப் பார்க்க அழகு; வியர்க்க இடமில்லாத ஓட்டக்காரன் அது. மொபைல் போனுக்குப் பெரும்பாலும் விசிறியே கிடையாது. அதனால்தான் வெயிலில் கார் கண்ணாடி ஓரம் வைத்த போன், திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கொள்கிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது.

வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால், கடைசிக் காவலாகக் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். ப்ராசசர் பிழைத்துக் கொள்ளும். சேவ் செய்யாத பைல் போய்விடும். அந்த நேரத்தில் டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருந்த பைலும் கெடலாம்.

மனித உடம்பில் இப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. போட்டி வெறியிலோ, மேலதிகாரியின் கட்டாயத்திலோ மூளையின் எச்சரிக்கையை மீறி உழைத்தால் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், மயக்கம் வரும். இது வெப்ப வாதம். வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்ப வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உழைப்பால் வரும் வகையில் உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும்போதே இது வரலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர வைக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். அது முடியாத இடத்தில் உடம்பு முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உங்கள் சிஸ்டத்தைச் சோதிக்க

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பிரிவில் சி.பி.யு. என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஸ்பீட் என்று ஓர் எண்ணும், பேஸ் ஸ்பீட் என்று இன்னோர் எண்ணும் தெரியும். வீடியோ மாற்றுவது போன்ற கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். சி.பி.யு. பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டி இருந்தும், ஸ்பீட் எண், பேஸ் ஸ்பீட் எண்ணுக்குக் கீழே இறங்கி நின்றால் சூட்டால் மூச்சு வாங்குகிறது என்று சந்தேகிக்கலாம். எந்த வேலையும் கொடுக்காதபோதே பயன்பாடு 80, 90 என்று காட்டினால், அப்போது ப்ராசசஸ் பிரிவில் யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வைரஸ் சந்தேகத்திற்கு இடம் அங்கேதான்.

டிகிரிக் கணக்கில் தெரிய வேண்டும் என்றால், எச்.டபிள்யு. இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். கனமான வேலையில் 70, 80 என்பது கவலைக்குரியது அல்ல. லேப்டாப்களில் 90 கூட வரும். சும்மா இருக்கும்போதே 70க்கு மேல் நின்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

உள்ளே பெரும்பாலும் இருப்பது தூசு. நம் ஊரில் சீலிங் பேன் இறக்கையில் எவ்வளவு படிகிறது என்று தெரியும்தானே? அதே தூசை உங்கள் சிஸ்டத்தின் விசிறி நாள் முழுவதும் உறிஞ்சி, ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல நெய்து வைக்கிறது. மழைக்கோட்டு போட்டுக் கொண்டு ஓடினால் எப்படியோ அப்படி. மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, கையில் பிடிக்கும் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி சுற்றாமல் ஒரு பென்சிலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும்.

சுவரோடு ஒட்டியோ, கதவு மூடிய மேஜை அறைக்குள்ளோ கேபினட்டை வைக்காதீர்கள். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது மறுபடி உறிஞ்சிக் கொண்டிருக்கும். லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைப்பது அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம். அடியில் ஒரு பரீட்சை அட்டை போதும். மதியத்தில் அவசரம் இல்லாத வேலை என்றால், லேப்டாப்பின் செட்டிங்ஸில் பவர் மோட் என்ற இடத்தில் பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். வேகம் கொஞ்சம் குறையும், சூடும் சத்தமும் குறையும். கனமான வேலைகளை அதிகாலைக்கு ஒதுக்குங்கள். ஓட்டக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. வெயிலில் தினமும் பயிற்சி செய்தால் பத்து, பதினான்கு நாட்களில் நம் உடம்பு பழகிவிடும். ரத்தத்தின் அளவு கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், உப்பு வீணாவதும் குறையும். கம்ப்யூட்டர் பழகாது. ஆண்டுக்கு ஆண்டு தூசு கூடும், பசை காயும்; முதல் கோடையைச் சமாளித்த சிஸ்டம் மூன்றாவது கோடையில் திணறும். எனவே சுத்தம் செய்யும் வேலையை மே மாதம் வரை தள்ளாமல் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். வாரன்டி இன்னும் முடியாத லேப்டாப் என்றால், ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் வாரன்டி கார்டைப் படித்துப் பாருங்கள். அடிமூடியைத் திறந்தால் வாரன்டி போகும் என்று எழுதியிருந்தால், காற்று வெளிவரும் துளையில் வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக் கொண்டு, மீதியைச் சர்வீஸ் சென்டரில் செய்யச் சொல்லுங்கள்.